முட்டியும் மறையணும், பெரியம்மா வாயும் அடங்கணும்: என்ன துணி எடுக்கலாம்?

டிசம்பரில் நாலு நாள் பேங்காக். ஆறு பேர், ஆளுக்கு 7 கிலோ கேபின் பை மட்டும். அங்கே கிராண்ட் பேலஸ் அரண்மனையில் அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை, கிழிசல் ஜீன்ஸ் எதையும் விடமாட்டார்கள். அதுகூடப் பரவாயில்லை. கூட வரும் பெரியம்மா, யார் எதைப் போட்டாலும் "ஈரச்சந்தைக்கா கிளம்பிட்ட?" என்பார்.

லினன் காற்சட்டை போட்டுப் பார்த்தாச்சு, ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே கசங்கல், "இஸ்திரி போடலயா?" என்ற பழி வேறு. பாலியஸ்டர் ராத்திரி அலசினால் காலையில் காய்ந்துவிடும், ஆனால் உடம்பு எண்ணெயைப் பிடித்துக்கொண்டு மதியத்துக்குள் நாறும். ஜீன்ஸ் காயவே காயாது. பாத்திக் கைலி அவருக்கே பிடிக்கும்; வாட் அருண் கோயிலின் செங்குத்துப் படிகளில் முடிச்சு அவிழ்ந்தால் யார் பொறுப்பு?

கசங்காமல், ஒரே இரவில் காய்கிற கணுக்கால் நீளக் காற்சட்டை, 40 வெள்ளிக்குள், சிங்கப்பூர் தேக்கா பக்கம் எந்தத் துணிக் கலவையில் கேட்டு வாங்கலாம்?