நெல்லை அள்ளியாச்சு, கல்லை?

குழு: கீழத்தெரு சொந்தங்கள்

டீக்கடை மாமா (காலை 5:52): கண்மாய் வளைவில் பைக்கோடு ஒரு பையன் விழுந்துவிட்டான். பக்கத்து ஊர். 108 வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பேசினான், நினைவு இருக்கு.

சித்தி: ஐயோ, எப்படிண்ணே?

டீக்கடை மாமா: கல்லுதான். ரோட்டில் காயப்போட்ட நெல்லை அள்ளிவிட்டு, சுற்றி வைத்த கல்லை அப்படியே விட்டிருக்கிறார்கள். தை மாசப் பனியில் எங்கே தெரியும்? ஹெல்மெட் போட்டிருந்தான், தலை தப்பியது. யார் காயப்போட்டது என்று நான் கேட்கவில்லை.

சின்ன மாமா: நாலு பேர் தூக்காமல் நின்றார்களாமே, போலீஸ் கேஸ் வரும் என்று.

நர்ஸ் அக்கா: அந்தப் பயமே வேண்டாம். உதவி செய்தவர் பெயரைச் சொல்லியே ஆகணும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 2020-இல் வந்த விதியிலேயே இருக்கு. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆனால் கழுத்தை அசைத்துத் தூக்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பெரியப்பா: ரோட்டில் போடாதே என்று சொல்வது சுலபம்மா. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் முகம் சுளிக்கிறான். நமக்குக் களம் எங்கே இருக்கு?

மெம்பர் அக்கா: 26ஆம் தேதி கிராம சபை. களம் கேட்டுத் தீர்மானம் போடுவோம். குழுவில் கட்டைவிரல் காட்டினால் போதாது, நேரில் வரணும்.

டிராக்டர் அண்ணன்: அக்கா, வளைவில் வேகத்தடை கட்டிவிடலாமா? சிமெண்ட் நான் தரேன்.

மெம்பர் அக்கா: வேண்டாம் தம்பி. நாமே திட்டு மாதிரி எழுப்பினால் அதுவே ஆளைக் கவிழ்க்கும். முறைப்படி உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மேலே வெள்ளைப் பட்டை, முன்னால் பலகை. நெடுஞ்சாலைத் துறைக்கு மனு எழுதுகிறேன். நீ முதலில் உன் கரும்பு டிரெய்லர் பின்னால் மினுக்குகிற சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டு.

டிராக்டர் அண்ணன்: சரிக்கா, இன்னிக்கே.

சின்ன மாமா: அந்த வளைவில் கருவேலம் ஆள் உயரம். எதிரே பஸ் வந்தாலும் தெரியாது. ஞாயிறு காலை அரிவாளோடு வாங்க.

பெரியப்பா: நான் வரேன். அப்புறம், வளைவில் இனி யாரும் காயப்போட வேண்டாம். கோயில் திடலில் மூன்று வீட்டுக்கு இடம் காணும், முறை வைத்துக்கொள்ளலாம். வேறு வழியில்லாமல் ரோட்டில் போட்டால் கல் வேண்டாம், ஆள் நிற்கட்டும். விளக்கு வைப்பதற்குள் அள்ளிவிடணும்.

டீக்கடை மாமா (மாலை 6:10): பையன் வீட்டில் விசாரித்தேன், தோள் எலும்பு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறார்கள். வளைவிலிருந்து மதகு வரை நானும் பசங்களும் பொறுக்கினோம். 43 கல். கூடவே ஒரு அம்மிக் குழவி.

சித்தி (இரவு 9:37): குழவி எங்க வீட்டுதுண்ணே.

டீக்கடை மாமா: தெரியும்மா. கடையில் வைத்திருக்கேன். நாளைக்கு அந்தப் பையனைப் பார்க்கப் போறேன், நீயும் வா.