எந்த ஐகானைத் தட்டினாலும் பிடிஎஃப் ரீடர்தான் திறக்கிறது, உதவுங்கள்

மைக்கூடு:
வணக்கம். டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது விண்டோஸ் 7 போட்ட பழைய கம்ப்யூட்டர். நேற்று சாயங்காலத்திலிருந்து டெஸ்க்டாப்பில் எதைத் தட்டினாலும் பிடிஎஃப் ரீடர் வந்து நிற்கிறது. பேஜ்மேக்கர், போட்டோஷாப், பிரவுசர், தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர், எல்லாம் ஒரே கதைதான். வந்த கையோடு "இந்த ஃபைலைத் திறக்க முடியவில்லை" என்கிறது. ஐகான் படங்களும் போய்விட்டன. வரிசையாக எல்லாம் ஒரே சிவப்புப் படம், கீழே இருக்கும் பெயரைப் படித்துத்தான் எது எதுவென்று தெரிகிறது. ஸ்டார்ட் மெனுவிலும் அப்படியே.

பழுது பார்ப்பவர் ஒருவரிடம் போனில் கேட்டேன். வைரஸ், ஃபார்மேட் அடித்தால்தான் சரியாகும் என்றார். ஃபார்மேட் என்றாலே அடிவயிறு கலங்குகிறது. பழைய பத்திரிகைகள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டில் அடித்தவை. அந்த ஃபாண்டுகள் போனால் ஃபைல் இருந்தும் பிரயோஜனமில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஏழு பத்திரிகை கையில் இருக்கிறது. வேறு வழி உண்டா?

திருகாணி:
அக்கா, ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீர்கள். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ரீசைக்கிள் பின் ஒழுங்காகத் திறக்கிறதா? மை கம்ப்யூட்டருக்குள் போய், நீங்கள் அடித்து வைத்திருக்கும் பேஜ்மேக்கர் ஃபைல் ஒன்றை நேராகத் தட்டினால் பேஜ்மேக்கர் வருகிறதா? அதே கம்ப்யூட்டரில் வேறு யாருக்காவது தனி யூசர் கணக்கு இருந்தால் அதில் நுழைந்து பாருங்கள், அங்கும் இப்படித்தானா?

அப்புறம், நேற்று இது தொடங்குவதற்குச் சற்று முன் என்ன வேலை நடந்தது?

மைக்கூடு:
தம்பி, ரீசைக்கிள் பின் திறக்கிறது. ஃபைலை நேராகத் தட்டினால் பேஜ்மேக்கரும் வருகிறது! என் மகனுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது, அதில் எல்லா ஐகானும் பழையபடி இருக்கின்றன. இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

நேற்று ஒருவர் பயோடேட்டா பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவ் கொண்டுவந்தார். ஃபைல் திறக்கவில்லை. கடையில் வேலை பார்க்கும் பெண் 'ஓப்பன் வித்' போய் பிடிஎஃப் ரீடரைக் காட்டியிருக்கிறாள். அப்போதும் திறக்கவில்லையாம். அந்த ஃபைல் 1 கேபிதான் இருந்தது என்று இப்போது சொல்கிறாள்.

நாலாம்பிறை:
விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, சி, எம், டி என்று அடித்து கமாண்ட் பிராம்ப்ட் திறங்கள். அதில் ஏ, எஸ், எஸ், ஓ, சி என்று சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு, புள்ளி எல்என்கே என்று அடித்து எண்டர் தட்டுங்கள். 'எல்என்கே ஃபைல்' என்று காட்ட வேண்டும். வேறு ஏதாவது காட்டினால் அதுதான் கோளாறு.

மைக்கூடு:
அடித்துப் பார்த்தேன். 'எல்என்கே ஃபைல்' என்றுதான் காட்டுகிறது. ஆனால் ஐகான்கள் மாறவில்லை.

திருகாணி:
கண்டுபிடித்தாயிற்று அக்கா. அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், யாருக்கும் வரக்கூடிய தவறு இது.

டெஸ்க்டாப்பில் இருக்கும் பேஜ்மேக்கர் ஐகான் பேஜ்மேக்கர் அல்ல. பேஜ்மேக்கர் எந்த இடத்தில் இருக்கிறது என்று முகவரி எழுதி வைத்த ஒரு சின்ன ஃபைல். அதற்குப் பெயர் ஷார்ட்கட். அதன் பெயர் கடைசியில் .எல்என்கே என்று இருக்கும், ஆனால் விண்டோஸ் அதைக் கண்ணில் காட்டாது. ஸ்டார்ட் மெனுவில் இருப்பவையும், கீழே டாஸ்க்பாரில் குத்தி வைத்தவையும் இதே ஜாதி. ரீசைக்கிள் பின் இந்த வகை இல்லை, அதனால் தப்பித்தது.

உங்கள் வாடிக்கையாளர் பயோடேட்டாவைக் கொண்டுவரவில்லை. அவர் வீட்டு டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை மட்டும் பென்டிரைவில் காப்பி பண்ணியிருக்கிறார். அதனால்தான் 1 கேபி. உள்ளே இருந்தது அவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் முகவரி, அது உங்கள் கம்ப்யூட்டரில் எப்படித் திறக்கும்? அதற்கு 'ஓப்பன் வித்' கொடுத்தபோது, "இந்த வகை ஃபைலை எப்போதும் இதிலேயே திற" என்ற கட்டத்தில் டிக் இருந்திருக்கும். அது அந்த ஒரு ஃபைலோடு நிற்காது. எல்லா ஷார்ட்கட்டையும் பிடிஎஃப் ரீடரிடம் ஒப்படைத்ததாக விண்டோஸ் எடுத்துக்கொண்டது.

நாலாம்பிறை சொன்ன கட்டளை கம்ப்யூட்டர் முழுவதற்குமான பொதுப் பதிவைக் காட்டும். அது கெடவில்லை. உங்கள் கணக்குக்கு மட்டும் தனியாக ஒரு பதிவு விழுந்து, அது பொதுப் பதிவை மீறி நிற்கிறது. மகன் கணக்கு நன்றாக இருப்பது அதனால்தான்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் கணக்கில் நுழையுங்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர். வரும் கட்டத்தில் ஆர், ஈ, ஜி, ஈ, டி, ஐ, டி என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். ரெஜிஸ்ட்ரி திறக்கும், விண்டோஸ் தன் அமைப்புகளை எல்லாம் எழுதி வைக்கும் பதிவேடு அது. இடப்பக்கம் எச்கீ கரண்ட் யூசர், அதற்குள் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர், ஃபைல்எக்ஸ்ட்ஸ் என்று ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போங்கள். அங்கே .எல்என்கே இருக்கும். முதலில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். பிறகு அதற்குள் இருக்கும் 'யூசர்சாய்ஸ்' என்பதை மட்டும் டெலீட் செய்யுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

ஒற்றைப்பனை:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். ஷார்ட்கட் ஐகான் மூலையில் வரும் அந்தச் சின்ன அம்புக்குறியையும் ரெஜிஸ்ட்ரியில் எடுத்துவிடலாமாமே? 'இஸ்ஷார்ட்கட்' என்று இருப்பதை அழித்தால் போதும் என்று நண்பன் சொன்னான்.

திருகாணி:
வேண்டாம். அம்புக்குறி போகும், ஆனால் அது ஷார்ட்கட் என்பதே விண்டோஸுக்கு மறந்துவிடும். டாஸ்க்பாரில் குத்தி வைத்தவை திறக்காமல் மக்கர் பண்ணும். அழகுக்காகச் செய்வதென்றால் ஐகான் படத்தை மாற்றிக்கொள்ளுங்கள், ஆபத்தில்லை. ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், 'சேஞ்ச் ஐகான்'. அந்த அம்புக்குறி இருப்பது நல்லதுக்குத்தான். பயோடேட்டாக்காரர் அதைக் கவனித்திருந்தால் அக்காவுக்கு இந்த அலைச்சலே இல்லை.

மைக்கூடு:
தம்பி, வந்துவிட்டது! கை நடுங்கிக்கொண்டேதான் டெலீட் கொடுத்தேன். லாக் ஆஃப் செய்து வந்ததும் பேஜ்மேக்கர் ஒரே தட்டில் திறந்தது. எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மூன்று ஐகானில் மட்டும் இன்னும் சிவப்புப் படம் இருக்கிறது. தட்டினால் சரியாகத்தான் திறக்கின்றன.

திருகாணி:
சந்தோஷம் அக்கா. அது வெறும் படம்தான். ஒவ்வொரு முறையும் தேடாமல் இருக்க, விண்டோஸ் ஐகான் படங்களை ஒரு ஃபைலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதில் பழைய படம் தங்கிவிட்டது. டிஸ்ப்ளே செட்டிங்கில் கலரை 32 பிட்டிலிருந்து 16 பிட்டுக்கு மாற்றி, மறுபடி 32க்குக் கொண்டுவாருங்கள். படங்களைப் புதிதாக எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டது. இந்த முறை வைரஸ் இல்லை, ஆனால் ஊர்ப் பென்டிரைவ் எல்லாம் வந்து போகும் கடை உங்களுடையது. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ஃபாண்ட்ஸ்' இருக்கிறது. அதை முழுவதுமாக வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள்.

மைக்கூடு:
கலர் மாற்றியதும் மூன்றும் சரியாகிவிட்டன. பயோடேட்டாக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன், அசல் ஃபைலை மாலையில் கொண்டுவருகிறாராம். ஃபாண்டுகளைக் காப்பி போட்டிருக்கிறேன், பாதி ஓடிவிட்டது.