மயஸ்தீனியா: "உங்க வியாதி பிள்ளைக்கும் வந்துடுச்சா?"

தேன்சிட்டு:
மகள் பிறந்த மறுநாள். எனக்கு மயஸ்தீனியா, தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய். மாத்திரை போட்டுத்தான் இமை திறந்திருந்தது. பால் கொடுக்க அணைத்தேன். காம்பைப் பிடித்தாள், இழுக்கவில்லை. பால் கடைவாயில் வழிந்து கழுத்து மடிப்பில் தேங்கியது. அழுதாள், சத்தமே வரவில்லை. பார்க்க வந்த நாத்தனார் "அண்ணி, உங்க வியாதி பிள்ளைக்கும் வந்துடுச்சா?" என்றாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் மகள் நன்றாகக் குடிக்க ஆரம்பித்துவிட்டாள். இப்போது 6 வயது, ஒரு குறையும் இல்லை. அந்தக் கேள்விதான் இன்னும் போகவில்லை.

கல்லணை:
பயப்படாதீர்கள் அம்மா, மரபணுவுக்கு இதில் வேலையே கிடையாது. எனக்கு 61 வயதில் வந்தது, எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ் இரண்டாகத் தெரிந்து, எந்தப் படியில் கால் வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அப்புறம் ஒன்று. காய்ச்சல் என்று போனாலும் முதலில் மயஸ்தீனியா என்று சொல்லிவிடுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், மக்னீசியம் ஊசி எல்லாம் நமக்கு ஆபத்து. சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் சாப்பிடுங்கள், மெல்லத் தெம்பு இருக்கும். வெயிலில் அலையாதீர்கள்.

செம்பருத்தி:
"வேலையே கிடையாது" என்பதை ஏற்க முடியவில்லை ஐயா. நோய் அப்படியே பிள்ளைக்கு இறங்குவதில்லை, சரி. ஆனால் நோய் எதிர்ப்பு வேலையைப் பார்க்கும் எச்எல்ஏ மரபணுக்களில் சில வகை இருந்தால் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் ஒருவருக்குத் தைராய்டு, இன்னொருவருக்கு மயஸ்தீனியா என்று பார்க்கிறோமே.

எங்கள் கதை வேறு. அப்பாவும் அம்மாவும் சொந்த அத்தை மகன், மாமன் மகள். எனக்கும் தம்பிக்கும் கைக்குழந்தையிலிருந்தே இமை தொங்கும். வழக்கமான மயஸ்தீனியாவில் நரம்பும் தசையும் சேருமிடத்தைத் தாக்க உடலே எதிர்ப்பொருள் உண்டாக்கும். அந்த எதிர்ப்பொருள் பரிசோதனை இருவருக்கும் நெகட்டிவ். அப்படியும் தம்பிக்கு நாலு வருஷம் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பிப்போய், பள்ளிக்கூட குரூப் போட்டோவில் அம்மாவே அவனைத் தேடினாள். கடைசியில் மரபணுப் பரிசோதனையில்தான் பிறவி மயஸ்தீனியா என்று தெரிந்தது. நரம்பும் தசையும் சேருமிடத்தின் அமைப்பிலேயே குறை. எதிர்ப்பொருளே இல்லாத இடத்தில் ஸ்டீராய்டு எதை அடக்கும்? அந்த நாலு வருஷத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

தேன்சிட்டு, மகளுக்கு அப்போது எதிர்ப்பொருள் பார்த்தார்களா?

தேன்சிட்டு:
பார்த்தார்கள். அவளுக்கும் பாசிட்டிவ். என் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போனது, தானாகக் கரைந்துவிடும் என்றார் டாக்டர். சில மாதம் கழித்துப் பார்த்தபோது இல்லை. இதை நாத்தனாரிடம் நான் சொல்லவே இல்லை. இன்று போன் பண்ணுகிறேன்.