'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' தமிழ் சப்டைட்டில்: பாரசீகம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, ஈரானிய இயக்குநர் மஜித் மஜீதியின் 1997 படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் தயாராகிறது. அண்ணனும் தங்கையும் ஒரே ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுவது, ஒரு ஜோடி ஷூவுக்காகப் பந்தயத்தில் மூன்றாவதாக வரத் துடிப்பது. இதற்கெல்லாம் மொழியே தேவையில்லை. ஈரானுக்கு வெளியிலும் இந்தப் படத்தைக் கொண்டாட அதுதான் காரணம். சிக்கல் பேச்சில்தான்.

அப்பா பள்ளிவாசலுக்கான சர்க்கரைக் கட்டியை உடைக்கிறார். கண்ணெதிரே அவ்வளவு சர்க்கரை, ஆனாலும் தன் தேநீருக்கு மகளிடம் வீட்டுச் சர்க்கரை கேட்கிறார். 'இது பள்ளிவாசலுடையது' என்று போட்டால் பொருள் வரும், கனம் வராது. தமிழ் முஸ்லிம்கள் புழங்கும் 'அமானிதம்' (நம்பி ஒப்படைத்த பொருள்) எல்லோருக்கும் புரியுமா?

காசு கொடுக்கும்போது ஈரானியக் கடைக்காரர் சொல்லும் 'காபெல் நதாரே' ('இதெல்லாம் ஒரு பொருட்டா' என்பது போல) வெறும் உபசாரம். 'காசு வேண்டாம்' என்றால் இலவசம் ஆகிவிடும். நல்ல தமிழ்ச் சொல் சொல்லுங்கள்.

கையிலுள்ள எஸ்ஆர்டி (சப்டைட்டில் கோப்பு) நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கு, வீடியோ 23.976. அப்படியே ஓட்டினால் 90ஆவது நிமிடத்தில் எழுத்து சுமார் மூன்றே முக்கால் நிமிடம் முந்திவிடுகிறது; கோப்பிலுள்ள நேரங்களை 1.0427ஆல் பெருக்கிச் சரிசெய்தாயிற்று. தமிழ் எழுத்து சரியாகத் தெரியும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் கோப்பு அனுப்புகிறோம். பாரசீக ஒலியோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க யாராவது முன்வர முடியுமா?