ரயில்ல, கல்யாணத்துல நம்பர் கேட்டா மனசு நோகாம எப்படி மறுக்கறது?

தென்றல்_கே:
அடிக்கடி மதுரை–சென்னை ரயில்ல போறேன். பக்கத்து சீட்ல நல்லாப் பேசிட்டு வர்றவங்க, இறங்குற நேரத்துல "நம்பர் குடும்மா, டச்ல இருக்கலாம்"ங்கிறாங்க. தப்பான ஆட்கள்னு இல்ல, குடுக்க இஷ்டமில்ல, அவ்வளவுதான். பெரியவங்ககிட்ட மாட்டேன்னு சொல்ல வாய் வரல. ஒரு இலக்கத்தை மாத்திச் சொல்லிடலாமா?

வேப்பமரம்:
மாத்திச் சொல்லாதீங்க. நம்ம ஊர்ல நம்பர் வாங்கின கையோட "மிஸ்டு கால் குடுத்திருக்கேன், சேவ் பண்ணிக்கோ"ன்னு அங்கேயே அடிப்பாங்க. உங்க போன் அடிக்காது. அந்த நம்பர் வேற யாரோடதாவும் இருக்கும், அப்புறம் தொல்லை அவங்களுக்கு.

காரணமும் சொல்லாதீங்க. "சார்ஜ் இல்ல"ன்னா "வாய்ல சொல்லு, நான் எழுதிக்கிறேன்"பாங்க. "வீட்ல திட்டுவாங்க"ன்னா "அப்பா நம்பர் குடு, நானே பேசுறேன்". இப்படிச் சொல்லிப் பாருங்க: "நான் யாருக்கும் நம்பர் குடுக்கிறதில்ல ஆண்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககூடப் பேசிட்டு வந்தது நல்லா இருந்துச்சு." அந்த 'யாருக்கும்' இருக்கணும், அப்பதான் தன்னை மட்டும் ஒதுக்கிட்டதா நினைக்க மாட்டாங்க. சொன்ன உடனே அவங்க பையை இறக்கிக் குடுங்க. மறுபடி கேட்டா அதே வாக்கியம்தான், ஒரு சொல்லும் கூட்டாதீங்க. "அப்புறம் தர்றேன்" மட்டும் கூடாது. தாம்பரம் வர்றதுக்குள்ள ஞாபகமாக் கேட்பாங்க.

நட்டு_போல்ட்டு:
வாயால குடுக்காத நம்பர் வேற வழியில போயிடும். டீக்குக் காசு பங்கு போட போன்பேல அனுப்பினா, உங்க யுபிஐ ஐடி 'மொபைல் நம்பர்@ybl'னு இருக்க வாய்ப்பு அதிகம். ஆப்ல பேர் வச்ச ஐடி ஒண்ணு உருவாக்கிக்கோங்க. பத்து இருபது ரூபாய்க்குச் சில்லறையே மேல்.

தொடர்புல இருக்க ஆசை, நம்பர்தான் குடுக்க வேண்டாம்னா டெலிகிராம் யூசர்நேம் போதும். செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள 'ஃபோன் நம்பர்'ஐ 'நோபடி' ஆக்குங்க. அதுக்குக் கீழே, நம்பரை வச்சு உங்களை யார் தேடிப் பிடிக்கலாம்னு இன்னொண்ணு வரும், அதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்க. பலர் கோட்டை விடுறது இதுக்கப்புறம்தான்: புது ஆளைக் கான்டாக்ட்ல சேர்க்கும்போது 'என் நம்பரைப் பகிர்'னு ஒரு டிக் வரும். அதை எடுக்காம ஓகே குடுத்தா செஞ்சதெல்லாம் வீண். சிக்னல் ஆப்லயும் 2024ல இருந்து யூசர்நேம் இருக்கு.

சந்தனக்கிண்ணம்:
வேப்பமரம் சொல்ற வாக்கியம் ரயிலுக்குச் சரி. கல்யாண வீட்ல அது எடுபடாது. "நான் யாரோவா? உங்க சித்திக்கு ஓர்ப்படி"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. அங்கே "எதுன்னாலும் சித்திகிட்ட சொல்லிவிடுங்க அத்தை, வந்து சேர்ந்துடும்"னு முடிச்சுக்கோங்க. ஆனா சித்திகிட்ட முதல்லயே சொல்லி வைக்கணும், இல்லைன்னா பந்தியிலயே உங்க நம்பர் கைமாறிடும். கல்யாணத்துக்குன்னு தொடங்குற வாட்ஸப் குரூப்லயும் கவனம். உள்ளே இருக்கிற எல்லாருக்கும் நம்பர் தெரியும். வாட்ஸப் பிரைவசியில 'குரூப்ஸ்'ஐ 'மை கான்டாக்ட்ஸ்'னு வச்சா, நீங்க சேமிக்காத ஆள் நேரா இழுத்துப் போட முடியாது, அழைப்பு லிங்க்தான் அனுப்பணும்.

கருப்புக்கோட்டு:
ஏற்கெனவே குடுத்துட்டு, ஆள் விடாம மெசேஜ் பண்ணினா சத்தமில்லாம பிளாக் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி அனுப்புங்க: "எனக்குப் பேச விருப்பமில்லை, இனி தொடர்பு கொள்ள வேண்டாம்." ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு பிளாக் பண்ணுங்க. பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) 78வது பிரிவுல, விருப்பமில்லைன்னு ஒரு பெண் தெளிவாக் காட்டின பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்பு கொண்டா அது குற்றம். 'தெளிவா'ங்கிறதுக்கு அந்த வரிதான் சாட்சி. "பிஸியா இருக்கேன், சாரி"ங்கிற மெசேஜை எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமா வாசிச்சுடும். வேற நம்பர்ல இருந்து வந்தா அதையும் அழிக்காம வச்சுட்டு, பெண்கள் உதவி எண் 181க்கு அடிங்க.

தென்றல்_கே:
யுபிஐ ஐடியை இப்பதான் பார்த்தேன், முழு நம்பரும் அதுலயே இருக்கு. மாத்தப் போறேன். சித்திகிட்டயும் பேசணும்.