ஒரே ஆள் இங்கே மாணவர், அங்கே உதவி ஆசிரியர்: அனுமதியை எப்படிப் பிரிப்பது?

கல்லூரித் துறைக்காக ஓப்பன் வெப்யூஐ (ஏஐ மாடல்களோடு உலாவியில் உரையாட உதவும் மென்பொருள்) நிறுவியிருக்கிறோம். டாக்கர் கொள்கலனில் ஓடுகிறது, மாடல்கள் ஒல்லாமா (மாடல்களைச் சொந்தக் கணினியில் இயக்கும் மென்பொருள்) வழியாக. பாடத்துக்கு ஒரு ஏஐ உதவியாளர், அதற்குப் பின்னால் அந்தப் பாடத்தின் குறிப்புகள். விடைத்தாள் திருத்த உதவும் உதவியாளர் தனி, அதை ஆசிரியர்கள் மட்டுமே பார்க்க வேண்டும்.

சிக்கல் மூத்த மாணவர்களால் வருகிறது. ஒரு பாடத்தில் உதவி ஆசிரியராக இருப்பவர் இன்னொரு பாடத்தில் தேர்வு எழுதுகிறார். இந்த மென்பொருளில் அனுமதிகள் கூடிக்கொண்டே போகும். ஒரு குழு தந்ததை இன்னொரு குழுவால் பறிக்க முடியாது. அதனால் உதவி ஆசிரியர் குழுவில் சேர்த்ததுமே புதிய உதவியாளரை உருவாக்கும் உரிமை அவருக்கு எல்லா இடத்திலும் வந்துவிடுகிறது.

இயல்புநிலை அனுமதிகளை முழுக்க அணைத்துவிட்டேன். எல்லா உதவியாளர்களையும் தனிப்பட்டதாக மாற்றி, பாடம் வாரியாகக் குழு பிரித்தேன். யார் எதைப் பார்க்கலாம் என்பது இதில் சரியாகிவிட்டது, யார் எதை உருவாக்கலாம் என்பது மட்டும் ஆகவில்லை. அப்புறம், ஒருவருக்கு இரண்டு கணக்கு கொடுத்துப் பார்த்தோம். உரையாடல்கள் இரண்டு கணக்கிலும் சிதறி, எது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. சோதனை எல்லாம் மாணவர் கணக்கில்தான் செய்தேன், நிர்வாகிக்கு எல்லாமே தெரியும் என்பதால் அந்தக் கணக்கை நம்பிப் பயனில்லை. குழுக்களைக் கல்லூரி உள்நுழைவிலிருந்து எடுக்க வைத்தால், கையால் சேர்த்தவர்கள் அடுத்த உள்நுழைவில் நீங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது கணக்கு இல்லாமல், உருவாக்கும் உரிமையை ஒரு பாடத்துக்குள் மட்டும் அடக்கி வைக்க உங்களில் யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?