சொல் தேவை: மஜ்ஜைக்கு வெளியே நடக்கும் குருதியாக்கம்

அனைவருக்கும் வணக்கம்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை நோய் உள்ளவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எக்ஸ்ட்ராமெடுல்லரி ஹெமடோபொயசிஸ் என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. இந்நோயில் எலும்பு மஜ்ஜை உருவாக்கும் சிவப்பணுக்களில் பெரும்பகுதி முதிரும் முன்பே அழிந்துவிடுகிறது. ஈடுகட்ட மஜ்ஜை விரிகிறது. அதுவும் போதாதபோது கல்லீரல், மண்ணீரல், முதுகெலும்பின் ஓரம் என்று வேறிடங்களிலும் அணுக்கள் உருவாகின்றன. 'புறமச்சைக் குருதியாக்கம்' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

* * *

> புறமச்சை

தம்பி, அமைப்பில் குறையில்லை. நகர்ப்புறம் புறநகர் ஆனதுபோல மச்சைப்புறம் புறமச்சை, இலக்கணப்போலி. ஆனால் மஜ்ஜா என்ற வடசொல்லைத் தேய்த்து எடுத்த 'மச்சை' நமக்கு எதற்கு? 'மூளை' இருக்கிறதே! சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம். என்பை அடுத்து வரும் மூளை எலும்புக்குள் இருப்பது. தெலுங்கில் மூலுக என்றால் இன்றும் மஜ்ஜைதான். கன்னடத்தில் மூளெ எலும்பையே குறிக்கும். தென்மொழிகள் இவ்வளவு சான்று சொல்லும்போது நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? 'என்புமூளைப்புறக் குருதியாக்கம்' என்பதே என் பரிந்துரை.

* * *

ஐயா, மூலுக–மூளெ தொடர்பைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் மருத்துவராகச் சொல்கிறேன், கையேட்டில் மூளை வேண்டாம். முதுகெலும்பின் ஓரத்தில் திரளும் இந்தத் திசு சிலருக்குத் தண்டுவடத்தை அழுத்தும். கால் மரத்துப்போகும், வலுவிழக்கும், சிறுநீர் கழிப்பதும் சிரமமாகும். அந்த நிலையில் இருப்பவர் 'மூளை' என்று படித்தால் தலையைத்தான் நினைப்பார்.

மூலச்சொல்லிலேயே இந்தச் சிக்கல் உண்டு. லத்தீன் மெடுல்லா மஜ்ஜையையும் குறிக்கும், தண்டுவடத்தையும் குறிக்கும். நரம்பு அறுவை மருத்துவர் எக்ஸ்ட்ராமெடுல்லரி என்றால் தண்டுவடத்துக்கு வெளியே என்று பொருள். தமிழில் அந்தக் குழப்பம் இல்லாமல் எழுத நமக்கு வாய்ப்பு இருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

புறமச்சையும் எனக்கு ஒப்பவில்லை. புறநகர் நகரத்தின் விளிம்பு. புறமச்சை என்றால் மஜ்ஜையின் விளிம்பு என்றுதான் தோன்றும், கல்லீரல் அப்படியா? 'மஜ்ஜைக்கு வெளியே இரத்த அணு உற்பத்தி' என்று எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அந்தத் திரளைக் 'கட்டி' என்று எழுதாதீர்கள். அது புற்றுநோய் அல்ல. இரத்தம் ஏற்றினாலோ, ஹைட்ராக்சியூரியா என்ற மருந்தைக் கொடுத்தாலோ, கதிர்வீச்சாலோ பலருக்குச் சுருங்கும். 'கட்டி' என்ற ஒரு சொல்லே ஒரு குடும்பத்தின் உறக்கத்தைக் கெடுத்துவிடும்.

* * *

> வெளியே

கருவில் இரத்த அணுக்களை உருவாக்குவது முதலில் மஞ்சட்கருப் பை, பிறகு கல்லீரலும் மண்ணீரலும், கடைசி மாதங்களில்தான் மஜ்ஜை. கல்லீரலுக்கு இது பழைய வேலை, திரும்பி வந்திருக்கிறது. அந்தப் பொருள் சொல்லில் இருக்க வேண்டாமா? 'மீள்குருதியாக்கம்'?

கூடவே தலசீமியாவையும் பார்த்துவிடலாம். 1932இல் அமெரிக்க மருத்துவர்கள் விப்பிளும் பிராட்ஃபோர்டும் 'கடல்', 'குருதி' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. 'கடற்சோகை' என்றால் என்ன?

* * *

மீள் என்றால் நின்றுபோனது மறுபடி தொடங்கியதாகிவிடும். மஜ்ஜையின் வேலை நிற்கவே இல்லையே. முதுகெலும்பின் ஓரத்துக்கும் அது பொருந்தாது. கடற்சோகை வேண்டாம். அவர்கள் மனதில் இருந்தது மத்தியதரைக் கடல். நோயோ தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. தலசீமியா என்றே இருக்கட்டும், நோயாளிகளின் மருத்துவச் சீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

* * *

எல்லாருக்கும் நன்றி. பெரும்பாலோர் மருத்துவர் பக்கம் நிற்பதால் பாடத்தில் 'மஜ்ஜைக்கு வெளியே இரத்த அணு உற்பத்தி', பின்னிணைப்புச் சொல்லடைவில் 'மச்சைப்புறக் குருதியாக்கம்'. 'கட்டி' வந்த இடமெல்லாம் 'திசுத் திரள்' ஆக்கிவிட்டேன்.

* * *

தம்பி, நோயாளிக்குப் புரிய வேண்டும் என்பதை ஏற்கிறேன். பாடத்தில் மஜ்ஜை இருக்கட்டும். ஆனால் சொல்லடைவு படிப்பவர்களுக்கானது, அங்கே மச்சைக்குப் பக்கத்தில் என்புமூளையையும் சேருங்கள். அச்சில் ஒருமுறையாவது வராத சொல்லை அடுத்த தலைமுறை எங்கே போய்த் தேடும்? இதில் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.